காற்று முள்

மனிதனுடைய ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் விரல்களுக்கு உரியவை 14. பெருவிரலுக்கு இரண்டு, ஏனைய நான்கு விரல்களுக்கும் மும்மூன்று. இவை சிறிய எலும்புகள்; இவற்றை மூடியிருக்கும் போர்வையும் மெல்லியது. தொடை எலும்பினுள்ளே ஒரு நோய் தோன்றுமாயின் அது பல மாதங்கள் தசைக்குள் மறைந்து கிடத்தல் கூடும். விரலெலும்பில் அவ்வாறு மறைவதற்கு இடமில்லை. சிறிது பருத்தாலும் மோதிரம் இறுகிவிடும். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் தடுமாறும். கண்ணெதிரே இருக்கும் உறுப்பாதலின், இதில் வரும் நோய்களை வைத்தியர்கள் எளிதில் அறிந்திருப்பர் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது அதுவன்று. விரலெலும்பினுள்ளே ஒரு பொள்ளல் விழுந்திருக்கிறது; அதனை விழச் செய்தது யாது? இவ்வொரு வினாவுக்கு வைத்திய உலகம் காலத்துக்கு ஒரு விடை கூறி வந்திருக்கிறது. விடை மாறுந்தோறும் நோயாளியின் விரலுக்கு நேர்ந்த கதியும் மாறியது. பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய விரல்கள் வெட்டப்பட்டதுண்டு. உயிருக்கே கேடு சூழ்ந்திருப்பதை உணர்த்த வந்த விரல்கள் சாதாரண நகச்சுற்று என்று கருதப்பட்டதுமுண்டு.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான பெயர் நிற்கிறது. ‘ஸ்பைனா வென்ரோசா’ என்பது அப்பெயர். இலத்தீன் மொழியில் ‘ஸ்பைனா’ என்றால் முள். ‘வென்ரோசா’ என்றால் காற்று நிறைந்தது. காற்று முள் என்று தமிழிற் கூறலாம். அரபு மருத்துவ மரபிலிருந்து இலத்தீனுக்கு வந்த பெயர் இது என்பர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமே இந்நோய் பெரிதும் காணப்பட்டது. குழந்தையின் விரலொன்று நடுவிற் பருத்து, இரு முனையும் ஒடுங்கி, நூல் சுற்றிய கதிர் போல ஆகிவிடும். நோவு பெரிதாக இராது. சில மாதங்கள் சென்றபின் தோல் சிவந்து, ஒரு துளை திறந்து, நீர்த்த சீழ் கசியத் தொடங்கும். உள்ளேயிருந்து யாரோ ஊதிப் பெருக்கியது போல எலும்பு வெளிப்புறமாக விரிந்து, அதன் சுவர் ஓடு போல மெலிந்துவிடும். பழைய வைத்தியர் கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர் என்பதற்கு இப்பெயரைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. முள் தைத்தாற்போன்ற உறுத்தல், காற்றடைத்தாற்போன்ற வீக்கம். நோயின் காரணத்தைப் பற்றி அப்பெயர் ஒன்றுமே கூறவில்லை. அதனாலேயே அது பல நூற்றாண்டுகள் நிலைத்தது எனலாம். ஆயினும் அதே காரணத்தால், எலும்பை உள்ளிருந்து விரிக்கும் பிற கழலைகளும் அப்பெயருக்குள் அடைக்கலம் புகுந்தன. 18ஆம் நூற்றாண்டின் நூல்களில் இப்பெயரைக் காணும் வாசகர், ஆசிரியர் எந்த நோயைக் குறிக்கிறார் என்று துணிந்து கூற இயலாது.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் தேதி பெர்லின் நகரில் றொபேட் கொக் என்பவர் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை வெளியிட்டார். அதுகாறும் தனித்தனியே கருதப்பட்ட பல பிணிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அதன்பின் உறுதிப்பட்டது. நுரையீரலை அரிக்கும் அதே கிருமி, கழுத்துக் கணுக்களை வீங்கச் செய்கிறது, முதுகெலும்பை வளைக்கிறது, குழந்தையின் விரலெலும்பையும் ஊதச் செய்கிறது. குழந்தைப் பருவத்தில் விரலெலும்பினுள்ளே குருதியை உண்டாக்கும் செம்மச்சை நிறைந்திருக்கும். குருதியோடு மிதந்து வரும் கிருமி அங்கே தங்க இடம் பெறுகிறது. வயது ஏற ஏற அம்மச்சை விரல்களை விட்டு நீங்கிவிடும். இந்நோய் பெரியோரைவிடக் குழந்தைகளையே நாடுவதன் காரணம் அதுவே. இவ்வாறு காற்று முள்ளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் மருந்து கிடைக்கவில்லை. எலும்பைச் சுரண்டினர்; சூட்டுக்கோலால் தீய்த்தனர்; சூரிய ஒளியிற் கிடத்தினர்; ஒன்றும் பயன்படாதவிடத்து விரலை அகற்றினர். 1943ஆம் ஆண்டில் ஸ்ரெப்ரோமைசினும் 1952ஆம் ஆண்டில் ஐசோநயசிட்டும் வந்த பின்னரே, கத்தியின்றி இந்த விரல்களைக் காப்பாற்றலாம் என்ற நிலை உண்டாயிற்று.

காரணம் கிடைத்ததனால் ஒரு புதிய ஆபத்தும் உடன் வந்தது. விரலெலும்பில் எந்தப் பொள்ளலைக் கண்டாலும் காசநோய் என்று சொல்லிவிடும் மனப்பழக்கமே அந்த ஆபத்து. அப்பழக்கம் வேரூன்றிய காலத்தில்தான் எலும்பை உயிருடன் இருக்கும்போதே காணும் வழி பிறந்தது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்கெல்ம் கொன்ராட் றொஞ்சன் ஒரு புதிய கதிரைக் கண்டார். டிசெம்பர் 22ஆந் தேதி தம் மனைவியின் கையைப் படத்தகட்டின்மேல் வைக்கச் செய்து அக்கதிரைப் பாய்ச்சினார். விரலெலும்புகளும் அவற்றுள் ஒன்றைச் சுற்றி நின்ற மோதிரமும் நிழலாகப் பதிந்தன. அடுத்த சனவரி 23ஆந் தேதி, அந்நகரின் விஞ்ஞானச் சங்கத்தில் முதிய உடற்கூற்றறிஞர் கொல்லிக்கரின் கையைச் சபையோர் முன்னிலையிற் படம் பிடித்தார். இவ்விரு படங்களிலும் கையே இடம் பெற்றது தற்செயல் அன்று. அக்காலத்துக் கருவி வலுக்குறைந்தது; படமெடுக்கப் பல நிமிடங்கள் பிடித்தன. மார்பையோ இடுப்பையோ அவ்வாறு ஊடுருவிக் காண அன்று எளிதில் இயலாது. கை மெல்லியது, தட்டையாகப் படியும், அசையாமல் நெடுநேரம் வைத்திருக்கலாம். ஆகவே எக்ஸ் கதிர் என்னும் புதிய மொழியின் அரிச்சுவடியாக மனிதனின் விரலெலும்புகள் அமைந்தன.

அந்த அரிச்சுவடியைக் கற்றவர் பலர் அதற்குத் தம் விரல்களையே விலையாகக் கொடுத்தனர். கதிர்க்குழாய் சரியாக இயங்குகிறதா என்று அறிவதற்கு, காலையில் முதல் வேலையாகத் தம் கையையே இடையில் நீட்டி எலும்பின் நிழலைப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். நாள்தோறும் நீட்டிய கையின் தோல் வறண்டு, வெடித்து, புண்ணாகி, ஈற்றிற் புற்றாக மாறி எலும்பையும் பற்றியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1896 சனவரியிலேயே கையிற் பாய்ந்திருந்த ஓர் ஊசியை எக்ஸ் கதிரால் காட்டிப் புகழ் பெற்றவர் ஜோன் ஹோல் எட்வேர்ட்ஸ். 1908ஆம் ஆண்டில் அவருடைய இடது முன்கை வெட்டியகற்றப்பட்டது. வலக்கை விரல்களையும் அவர் இழந்தார். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இக்கதிரோடு உழைத்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து, 1904இல் உயிரையும் இழந்தார். இத்தகையோரின் நினைவாக 1936ஆம் ஆண்டில் ஹம்பர்க் நகரின் வைத்தியசாலை ஒன்றில் ஒரு நினைவுத்தூண் நாட்டப்பட்டது. பிறருடைய விரலெலும்பிற் பொள்ளலைத் தேடியவர்களின் விரல்கள் அத்தேடலிலேயே கரைந்தன.

அவர்கள் எடுத்த படங்களோ வைத்தியரின் மனப்பழக்கத்தை மெல்ல அசைக்கத் தொடங்கின. பிரான்சின் லியோன் நகரில் லெயோபோல்ட் ஒல்லியே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பு வளரும் விதத்தை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1899இல், சில குழந்தைகளின் எலும்புகளுக்குள்ளே எலும்பாக மாற வேண்டிய குருத்தெலும்பு மாறாமலே திட்டுத் திட்டாக நின்றுவிடும் ஒரு நிலையை அவர் விவரித்தார். விரல்கள் அதனாற் கணுக்கணுவாகப் புடைத்து, வேரோடு பிடுங்கிய இஞ்சிக் கிழங்கு போன்ற தோற்றம் பெறும். உடம்பின் ஒரு பாதியில் மிகுந்தும் மறுபாதியிற் குறைந்தும் இது காணப்படும். இத்தாலியரான மாஃபுச்சி இத்தகைய கழலைகளோடு இரத்தக்குழாய்க் கட்டிகளும் சேர்ந்து வருவதை 1881ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். இவை அரியவை. ஆனால் ஒரே விரலில், ஒரே எலும்பில் தோன்றும் தனிக் குருத்தெலும்புக் கழலை அத்துணை அரிதன்று. கையின் எலும்புகளில் முளைக்கும் கழலைகளுள் அதிகமாகக் காணப்படுவது அதுவே. பந்து பட்டோ கதவு இடித்தோ ஒரு விரல் எளிதாக முறிகிறது. படமெடுத்துப் பார்த்தால் உள்ளே முன்னமே ஒரு வெற்றிடம் இருந்தமை தெரிகிறது. அதைச் சுரண்டி எடுத்து, வேண்டுமாயின் வேறிடத்து எலும்பால் நிரப்பினால் விரல் பிழைத்துவிடும். இக்கழலைகளின் கலங்களில் ஐடிஎச் எனப்படும் மரபணு மாறியிருப்பது 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மாற்றம் கருவுற்றபின் உடலின் ஒரு பகுதியில் மட்டும் நேர்வதாதலின், ஒல்லியே கண்ட ஒருபாதிச் சாய்வுக்கும் அதுவே விளக்கமாகிறது.

இவ்வளவு தெளிவாகத் தீராத வழக்கொன்றும் அதே காலத்தில் எழுந்தது. அதன் கதை தோலிலிருந்து தொடங்குகிறது. 1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பெஸ்னியே என்னும் தோல்நோய் வைத்தியர், மூக்கும் காதும் விரல்களும் ஊதா நிறம் படிந்து வீங்கியிருந்த ஒரு நோயாளியைக் கண்டு எழுதினார். பத்து ஆண்டுகளின் பின், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்ரியானியா நகரில் சீசர் பெக் என்பவர் தோலிலே தோன்றும் ஒருவகைச் சிறு கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, பார்வைக்குச் சதைப்புற்றை ஒத்தும் செயலிற் கொடுமையற்றும் இருந்தமையால் ‘சார்க்கொயிட்’ என்று பெயரிட்டார். இருவரும் ஒரே நோயின் இரு வாயில்களில் நின்றுகொண்டிருந்தனர் என்பதை அன்று எவரும் அறியவில்லை. 1904இல் கிரைபிக் என்பவர் அந்த ஊதா வீக்கமுடைய விரல்களை எக்ஸ் கதிரால் நோக்கி, உள்ளே எலும்பும் கெட்டிருப்பதைக் கண்டார்.

அவ்வெலும்பு மாற்றத்தை ஊன்றி ஆராய்ந்தவர் ஓட்டோ யுங்லிங் என்னும் ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர். 1920ஆம் ஆண்டையொட்டி அவர் வெளியிட்ட விவரணை இன்றும் மாற்றமின்றி ஏற்கத்தக்கது. நோயுற்றவர் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர். பொள்ளல்கள் நடு விரலெலும்பிலும் நுனி விரலெலும்பிலும் அதிகம். அவை வட்டமானவை, துளைக்கருவியால் குத்தியெடுத்தாற்போலத் தெளிவான விளிம்புடையவை. சில இடங்களில் எலும்பு முழுவதும் வலைப்பின்னல் போலாகிவிடும். ஆனால் எலும்பின் மேலுறை கிளர்ந்து புதிய எலும்பைப் போடுவதில்லை, மூட்டுகள் பெரும்பாலும் கெடுவதில்லை, சீழ் வடிவதில்லை, நோவும் சிறிதே. ஆண்டுகள் கழிந்தும் விரல் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கும். சுருங்கக் கூறின், காற்று முள்ளின் இலட்சணங்களுள் ஏறத்தாழ ஒன்றுகூட இங்கே இல்லை.

இத்துணைக் கூர்மையாகக் கண்ட அறிஞர், நோய்க்குச் சூட்டிய பெயரில் ‘காசநோயால் விளைந்த பல்பொள்ளல் எலும்பழற்சி’ என்னும் பொருளை அமைத்தார். வலுக்குறைந்த காசநோய்க் கிருமியே காரணம் என்று அவர் கருதினார். இதை எண்ணி நகைப்பதற்கில்லை. நுணுக்குக்காட்டியில் இந்நோயின் சிறு முடிச்சும் காசநோயின் முடிச்சும் உடன்பிறந்தவை போல இருக்கும். காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பாற்கட்டி போல உதிர்ந்து அழியும், இது அழியாது. அந்த ஒரு வேற்றுமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள, ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு காசநோய் இருந்த காலத்தில், அசாதாரணமான துணிவு வேண்டியிருந்தது. கிருமியைத் தேடினர், கிடைக்கவில்லை. நோயுற்ற இழையத்தை ஆய்வுப் பிராணிகளில் ஏற்றினர், அவை நோயுறவில்லை. காசநோய் உண்டா என அறியும் தோற் சோதனையைச் செய்தனர்; பலரிடம் அது பதிலே தரவில்லை. இவ்வளவுக்கும் பின்னர், கிருமி ஒளிந்திருக்கிறது என்று சொல்லப்பட்டதேயன்றிக் கிருமி இல்லை என்று சொல்லப்படவில்லை.

துணிந்து சொன்னவர்களுள் முன்னின்றவர் சுவீடன் நாட்டு யோர்கன் ஷவுமன். தோல், நிணநீர்க்கணு, நுரையீரல், விரலெலும்பு ஆகிய அனைத்தையும் பற்றும் ஒரே நோய் இது என்று 1914ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் அவர் வாதித்திருந்தார். 1917இல் அக்கருத்து அச்சில் வந்தது. அதாவது யுங்லிங் தம் பெயரைச் சூட்டுமுன்னரே இந்நோயின் முழு உருவம் வேறொரு மொழியில் வரையப்பட்டிருந்தது. ஆயினும் ஷவுமனும் காசநோயின் நிழலிலிருந்து முற்றும் விடுபட்டவர் அல்லர். 1941ஆம் ஆண்டில் நோர்வேயின் குவெய்ம் என்பவர், நோயுற்ற நிணநீர்க்கணுவிலிருந்து எடுத்த சாரத்தைத் தோலினுள் ஏற்றினால், இந்நோயாளரிடம் சில வாரங்களிற் சிறு கட்டி எழுவதையும், தோற் காசநோயாளரிடம் அவ்வாறு எழாமையையும் காட்டினார். மனித இழையத்தை இன்னொருவருக்கு ஏற்றும் அச்சோதனை பின்னாளிற் கைவிடப்பட்டது. அது நாட்டிய எல்லைக்கல் நிலைத்தது. சார்க்கொயிடோசிஸ் எனப்படும் அந்நோயின் மூலகாரணம் இன்றும் முடிவாகத் தெரியவில்லை. விரலிற் பொள்ளல் கண்டால் மார்பையும் படம்பிடிப்பது இன்றைய வழக்கம். நுரையீரலின் வாயிலிரண்டிலும் கணுக்கள் பருத்திருப்பின் ஐயம் வலுக்கும். இத்தகைய விரலைச் சுரண்டுவதால் நன்மையில்லை, வெட்டுவது குற்றம்.

மார்புக்கும் விரலுக்கும் வேறொரு கொடிய உறவும் உண்டு. உடலின் வேறிடத்திலிருந்து புற்று பரவி விரல் நுனி எலும்பை அடைவது மிக அரிது. அடையும்போது அது பெரும்பாலும் நுரையீரலிலிருந்தே வருகிறது. நுனி விரல் சிவந்து, சூடேறி, துடித்து நோகும். காண்போர் எவரும் நகச்சுற்று என்றே சொல்வர், வைத்தியரும் கீறிவிடுவார். சீழ் வராது. நுரையீரலில் நோய் இருப்பதை நோயாளி அறியுமுன்னரே விரல் அதை அறிவித்த நிகழ்ச்சிகள் வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. மெய்யான நகச்சுற்றும் எளிதாக எண்ணத்தக்கதன்று. விரல் நுனியின் சிறு அறைகளில் அடைபட்ட சீழ் வெளியேற வழியின்றி எலும்பையே அரித்துவிடும். ஆனால் அது கீறினால் ஆறும்.

வெப்ப நாடுகளில் விரலெலும்பின் கேட்டுக்கு உரிமை கோரிய பழைய நோய் தொழுநோய். இலங்கையில் ஒல்லாந்தர் ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டில் அமைத்து முடித்த தொழுநோய் வைத்தியசாலையும், மட்டக்களப்பு வாவியின் மாந்தீவும் அந்நோய்க்கு மக்கள் அஞ்சிய அச்சத்தின் அடையாளங்கள். நோயாளியின் விரல்கள் ஆண்டுக்காண்டு குறுகிக்கொண்டே வந்தன. நகம் மட்டும் அடிமூட்டின்மேல் எஞ்சி நிற்கும் கைகளும் இருந்தன. கிருமி விரலைத் தின்றுவிடுகிறது என்றே மக்களும் வைத்தியரும் நம்பினர். கிருமி நேரே எலும்பினுட் புகுந்து பொள்ளல் செய்வதும் உண்டு, அது சிறுபான்மை. பெரும்பான்மைக்கு வேறு காரணம் உண்டு என்பது வேலூரில் வெளிப்பட்டது.

போல் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், பாதிரிமார் குடும்பத்தினர். 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தொழுநோய் அறிஞர் கொக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோயில்லத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். அங்கே மடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கையைப் பிராண்ட் பற்றியபோது, பிடி நோகுமளவுக்கு இறுகியது. செத்ததென்று எண்ணப்பட்ட கையில் வலிய தசைகள் இருந்தன. அதன்பின் அவரும் துணைவரும் விரல்களைத் துண்டு துண்டாக ஆராய்ந்தனர். விரலின் சதையில் அழுகும் இயல்பு எதுவும் இல்லை; புண் படின் மற்றவர் விரலைப் போலவே அது ஆறியது. இல்லாதது நோவு ஒன்றே. நரம்பு மரத்துவிட்டமையால், சூடான பாத்திரத்தை நோயாளி விடாமற் பிடித்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்கையில் சாவி எலும்புவரை வெட்டியதை உணராமலே திருகினார். காயத்தின் வழியே வேறு கிருமிகள் புகுந்து எலும்பை அழித்தன. அழிந்த அளவுக்கு விரல் குறுகியது. இவ்வாறு, பல நூற்றாண்டுகளாகத் தொழுநோய்க் கிருமியின்மேற் சாட்டப்பட்ட பழியின் பெரும்பகுதி அடுப்புக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் உரியதாயிற்று.

மடங்கிய விரல்களுக்கு வேறு தசைநாணை மாற்றிக் கட்டி, வேலூரில் அவற்றை நிமிர்த்தினர். நோயாளர் மாலைதோறும் தம் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் நோக்கிக் காயம் தேடக் கற்றனர். காயங்கள் குறைந்தன, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்பட்டது. ஆனாற் சிலருடைய விரல் நுனி இரவிற் படுக்கும்போது முழுமையாகவும் காலையிற் குறைந்தும் இருந்தது. அதற்கு மட்டும் காரணம் அகப்படவில்லை. ஈற்றில் ஓரிரவு கண்விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் உணர்வற்ற விரலை எலி வந்து கடித்துச் செல்வது தெரிந்தது. அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் தம்முடன் ஒரு பூனையையும் கொண்டு செல்ல வேண்டும் என்பது அங்கே விதியாயிற்று.